நீர்ப் பூங்காவுக்குப் பக்கத்தில் எழும்புவது என்ன? தங்கும் விடுதியா, கல்யாண மண்டபமா?

மானகிரியான்
தினமும் காலையில் காரைக்குடிக்கு வேலைக்குப் போகும் வழியில்தான் அந்த இடம். நீர்ப் பூங்காவின் மதிலுக்கு மேற்கே, பனைமரங்கள் நின்ற பொட்டல். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் போன வருடம்கூட அங்கே நிழலுக்கு உட்கார்ந்து எழுந்து போனார்கள். மூன்று வாரமாக அங்கே தகர வேலி. மண்ணில் துளை போடும் வண்டி ஒன்று நான்கு நாள் நின்றுவிட்டுப் போனது. இப்போது இரண்டு ஜேசிபி, கம்பி லோடு, வடக்கு மூலையில் ஒரு பெரிய குழி.

டீக்கடையில் கேட்டால் ஐந்து நட்சத்திர விடுதி என்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்கிறார். பூங்காவே தன் ஆட்களுக்கு அறை கட்டுகிறது என்று இன்னொரு பேச்சு. வேலியில் பெயர்ப்பலகை இல்லை. கட்டடத் தொழில் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இதையெல்லாம் வைத்து ஏதாவது சொல்ல முடியுமா? பூங்காவின் பெயரையும் நிலத்துக்காரர் பெயரையும் யாரும் எழுத வேண்டாம். எதுவும் உறுதியாகவில்லை.

கம்பிக்கட்டு
22 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் கட்டடம் தன் அஸ்திவாரத்திலேயே பாதியைச் சொல்லிவிடும்.

முதலில் குடியிருப்பு பேச்சை முடித்துவிடலாம். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ எட்டு வீடுகளுக்கு மேல் இருந்தாலோ, விற்பனைக்கு விளம்பரம் செய்யும் முன்பே ரெராவில், அதாவது வீடு மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில், பதிந்தாக வேண்டும். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நேற்று இரவு பார்த்தேன், அந்தக் கிராமத்தின் பெயரில் ஒன்றும் இல்லை. இனிமேல் பதியலாம். ஆனால் வீடு விற்க நினைக்கிறவர் முன்பணம் வாங்காமல் கம்பி இறக்க மாட்டார்.

அடுத்தது உயரம். 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். அனுமதியும் தீயணைப்பு ஏற்பாடும் அப்புறம் வேறு கணக்கு. நம் பக்கம் பலரும் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்வார்கள். மண் பரிசோதனைத் துளை போட்டதை மட்டும் வைத்துப் பத்து மாடி என்று சொல்ல முடியாது, இப்போது மூன்று மாடிக்கே துளை போடுகிறார்கள். ஆழமாகத் தூண் இறக்கும் பைலிங் வண்டி வந்ததா என்று பாருங்கள். நம் செம்மண்ணுக்குக் கீழே கெட்டியான செம்புறாங்கல் இருக்கும் இடத்தில் தரை தளமும் இரண்டு மாடியும் ஆழமில்லாத சாதாரண ஃபுட்டிங் அஸ்திவாரத்திலேயே நிற்கும்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு அளவு. பில்லருக்கும் பில்லருக்கும் நடுவில் எத்தனை அடி? வேலிக்கு வெளியே நின்று காலடியால் அளந்தாலே போதும்.

ராட்டினப் பிரியன்
விடுதியாகத்தான் இருக்க வேண்டும் அண்ணே! எனக்குத் தெரிந்த பூங்காக்களில் பாதிக்கு இதே கதைதான். பெங்களூரு வொண்டர்லா பிடதியில் 2005ல் திறந்தது. அதன் 84 அறை விடுதி வந்தது 2012ல். ஏழு வருடம் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார்கள். மும்பைக்கும் புனேவுக்கும் நடுவில் கோபோலி பக்கம் உள்ள இமேஜிகா 2013ல் திறந்தது, இரண்டே வருடத்தில் அங்கே நோவோடெல் விடுதி வந்துவிட்டது. முழுதாகக் கட்டி முடித்தபோது 287 அறை. நம் பூங்காவிலும் கோடை விடுமுறையில் டிக்கெட் வரிசை சாலை வரை நிற்கிறது. திருச்சி, மதுரை, ராமநாதபுரம் வண்டி எண்களை நானே பார்த்திருக்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் பூங்காவுக்குப் போவது வருடத்தில் ஒரு நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பா "கிளம்பு" என்றதும் அழுவேன். ஈரத் துண்டோடு பேருந்து ஏறி ஊர் வந்து சேர இரவாகிவிடும். பக்கத்திலேயே தூங்கி எழுந்து மறுநாளும் போகலாம் என்றால் எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது?

வளவு ஆச்சி
தம்பி, உன் ஆசை புரிகிறது. ஆனால் இரவு தங்குகிறவர் யார் என்ற கேள்வி எனக்கு நித்தமும் உள்ளது. எங்கள் ஐயா கட்டிய வீட்டில் ஆறு அறைகளைச் சீர் செய்து விருந்தினருக்குக் கொடுத்து ஒன்பது வருடமாகிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. ஓடு மாற்றவே ஒரு வருட வருமானம் போய்விடும்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் நடுவில் ஒரு இரவு தங்குகிறவர்கள். மாலை வந்து, கோழி வறுவலும் ரசமும் சாப்பிட்டு, காலையில் கானாடுகாத்தான் அரண்மனையை வெளியே நின்று பார்த்து, ஆத்தங்குடி போய்த் தரைக்குப் பதிக்கும் பூக்கல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் இரவுக்கு நிற்கிறவர் பத்தில் இரண்டு பேர். காரைக்குடியில் 'பங்களா' விடுதி 1999ல் விருந்தினருக்குத் திறந்த நாளிலிருந்து எல்லோரும் இந்த இரண்டாம் இரவுக்காகத்தான் பாடுபடுகிறோம். கானாடுகாத்தான் 'விசாலம்' விடுதியில் 15 அறைதான். பழைய வீட்டு விடுதிகளில் பெரியவையே அப்படி. எண்ணிக்கை சிறியது, ஆனால் ஒவ்வொரு அறைக்குப் பின்னாலும் ஒரு வீடு இடிபடாமல் நிற்கிறது.

பூங்காவுக்கு வருகிறவர்கள் வேறு. அவர்களுக்கு வீடு ஒன்றரை இரண்டு மணி நேரத்தில். ஆறு மணிக்குப் பூங்கா மூடினால் ஒன்பதுக்குள் சொந்த வீட்டில் தோசை ஊற்றிவிடலாம். ஏன் தங்க வேண்டும்?

ராட்டினப் பிரியன்
ஆச்சி, நீங்கள் கேட்டதை நேற்று முழுக்க யோசித்தேன். இமேஜிகா இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவில் இருக்கிறது, வார இறுதிக்கு ஊரைவிட்டு வெளியே தங்கியே ஆக வேண்டும் என்று நினைக்கிற லட்சக்கணக்கான பேர் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நமக்கு அது இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

பெரியவர்களே இதில் தவறியிருக்கிறார்கள். பாரிஸ் டிஸ்னி பூங்கா 1992 ஏப்ரலில் திறந்தபோது கூடவே 5,200 அறை அளவுக்கு விடுதிகளையும் திறந்தார்கள். புளோரிடா டிஸ்னியில் மக்கள் நாள்கணக்கில் தங்குகிறார்கள், இங்கேயும் தங்குவார்கள் என்று கணக்கு. ஆனால் பூங்கா வாசலுக்கே பாரிஸிலிருந்து ரயில் போகிறது. காலையில் வந்து இரவு திரும்பிவிட்டார்கள். முதல் குளிர்காலத்தில் ஒரு பெரிய விடுதியையே மூடி வைத்தார்கள். 1994ல் கடனை மறுசீரமைக்கும் நிலை வந்தது. பூங்காவுக்கு வந்த கூட்டம் சிறியதல்ல. அறைகளை நிரப்பத்தான் ஆள் இல்லை.

செம்பவாங் தம்பி
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் தேவகோட்டை பக்கம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே கட்டுமானத்தில் எவ்வளவு பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே நம் ஆட்கள் கூடும் தேக்காவில் நின்றால் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் நிற்பது போல இருக்கும்.

இங்கே செந்தோசா தீவில் யுனிவர்சல் பூங்கா இருக்கும் வளாகத்திலும் புது விடுதிகள் வருகின்றன. 2024 நவம்பரில் வேலை தொடங்கியது. கடலோரமாக இரண்டு விடுதி, சேர்த்து 700 அறை, 2030ல் முடிப்பதாகத் திட்டம். அங்கே இரவு தங்குவதற்குக் காரணம் பூங்கா மட்டும் இல்லை. மீன் காட்சியகம், சூதாட்டக்கூடம், கடற்கரை, மாநாட்டு அரங்கம் எல்லாம் ஒரே இடத்தில். பாதிப் பேர் விமானத்தில் வந்தவர்கள். ஆச்சி கேட்ட கேள்விக்கு அவர்களிடம் நான்கைந்து பதில் இருக்கிறது. நம் பொட்டலில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செட்டிநாடு விமான ஓடுதளம் திரும்ப வரும் என்று நம்பி யாராவது இடம் வாங்கினார்களோ? இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அது, பேச்சு வருடா வருடம் வந்து போகிறது.

வரத்துக்கால்
எல்லோரும் அறையை எண்ணுகிறீர்கள். நான் தண்ணீரைக் கேட்கிறேன்.

அந்தப் பொட்டலின் தெற்கு ஓரமாக ஒரு வரத்துக்கால் போகிறது. வெயில் காலத்தில் பார்த்தால் வெறும் பள்ளம் மாதிரிதான் இருக்கும். ஐப்பசியில் நல்ல மழை இரண்டு பெய்தால் மேட்டுப் பொட்டல் தண்ணீர் முழுவதும் அந்தக் கால் வழியாகத்தான் எங்கள் கண்மாய்க்கு இறங்கும். கண்மாய் நிரம்பி மறுகால் போனால் அடுத்து ஊருணி. அந்தக் கண்மாயை நம்பி நானும் இன்னும் முப்பது குடும்பமும் நெல் போடுகிறோம். இப்போது தகர வேலி அந்தக் காலுக்கு நடுவில் நிற்கிறது. மண்ணை அள்ளிக் கரைமேல் கொட்டியிருக்கிறார்கள்.

விருந்தினருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காரைக்குடிக்குச் சம்பை ஊற்று இருக்கிறது. எங்களுக்கு மழை மட்டும்தான்.

கம்பிக்கட்டு
வரத்துக்கால் அண்ணே, அளவு சொல்கிறேன். இந்தியத் தர நிர்ணயக் கணக்கில் விடுதிக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளைக்கு 180 லிட்டர். வீடு என்றால் தலைக்கு 135. 80 அறை, இரண்டிரண்டு பேர் என்று வைத்தால் ஏறத்தாழ 29,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் இரண்டரை லோடு, தினமும். நீச்சல் குளம், புல்வெளி, சலவை வைத்தால் இன்னும் ஏறும்.

மானகிரியார் சொன்ன வடக்கு மூலைக் குழி சம்ப்பாகவோ (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியாகவோ இருக்கலாம். நடுவில் தடுப்புச் சுவருக்குக் கம்பி விட்டிருந்தால் சுத்திகரிப்புத் தொட்டி, ஏனென்றால் அதற்கு அறை அறையாக வேண்டும். யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.

மானகிரியான்
இன்று காலை நின்று பார்த்தேன். வேலியில் தகரம் ஒன்று கழன்றிருக்கிறது, உள்ளே போகவில்லை. சாலை ஓரமாகவே காலடி வைத்து எண்ணினேன், என் காலடி ஏறத்தாழ இரண்டரை அடி.

பின்பக்கம் இரண்டு நீள வரிசை. பில்லருக்குப் பில்லர் பத்து, பத்தரை காலடி, அதாவது 25, 26 அடி. அப்படிப் பத்துக் கட்டம். முன்பக்கம் சாலையைப் பார்த்த பகுதி வேறு மாதிரி. இரண்டு ஓரமும் பில்லர் கம்பி நிற்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. 24 காலடி, 60 அடி இருக்கும். பைலிங் வண்டி வரவில்லை. குழிக்குள் மூன்று இடத்தில் சுவருக்குக் கம்பி நிற்கிறது.

கம்பிக்கட்டு
இது போதும் தம்பி. காலையிலிருந்து இதைத்தான் எதிர்பார்த்தேன்.

26 அடி என்பது அறை விடுதியின் அளவு. இரண்டு அறை, ஒவ்வொன்றும் சுவரோடு சேர்த்து 13 அடி. இரண்டு அறைக்கும் குளியலறை முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் குழாய் இறங்க ஒரு சந்து. வரிசை இரண்டு என்பதால் நடுவில் நடைபாதை. பத்துக் கட்டம் என்றால் ஒரு மாடிக்கு 40 அறை. இரண்டு மாடி வைத்தால் நான் மேலே உத்தேசமாகப் போட்ட அதே 80. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படுவது 20,000 சதுர மீட்டரிலிருந்து. இது அதற்கு வெகு கீழே. அதனால் அந்த அனுமதிகளைப் போடும் பரிவேஷ் இணையதளத்தில் தேடினாலும் கிடைக்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவும் உள்ளூர் திட்ட அனுமதியும் இருந்தால் போதும். குழியில் மூன்று தடுப்பு என்றால் அது சுத்திகரிப்புத் தொட்டிதான் என்று எனக்குப் படுகிறது.

முன்பக்கம் 60 அடி வெற்றிடம் விடுதி வரவேற்பறைக்கு யாரும் விடமாட்டார்கள். அது பந்திக்கும் மணமேடைக்கும் விடுகிற இடம். ஆகவே என் கணிப்பு: மண்டபத்தோடு சேர்ந்த விடுதி. பூங்கா பக்கத்தில் இருப்பது துணைக் காரணம், முதல் காரணம் கல்யாணம்.

வளவு ஆச்சி
அப்படியென்றால் எனக்குக் கணக்குப் புரிகிறது. எங்கள் சாதிசனம் சென்னையிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருந்தாலும் கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்றால் ஊருக்குத்தான் வருகிறார்கள். பெரிய வீட்டில் பங்காளிகள் பத்துப் பேருக்குப் பங்கு, பூட்டு ஒரு இடம், சாவி ஒரு இடம். திறந்து கூட்டிப் பெருக்கி முடிப்பதற்குள் முகூர்த்தம் வந்துவிடும். வளவில் திருப்பூட்டி (தாலி கட்டி) முடித்து இரவு குளிர்சாதன அறையில் தூங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு 80 அறை ஒரே இடத்தில் கிடைத்தால் இரண்டு இரவு, மூன்று இரவு தங்குவார்கள். குழந்தைகளை நடுப்பகலில் பூங்காவுக்கு அனுப்பலாம். அங்கேதான் பூங்கா வருகிறது.

எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். என் ஆறு அறையையும் கல்யாண வீட்டார் எடுக்கும் மாதங்களில்தான் வருடம் ஓடுகிறது. போன வருடம் ஒரு முன்பதிவுச் செயலி என் அறைகளை அவர்களாகவே பாதி விலைக்குப் போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு இரண்டு மாதம் பதில் இல்லை. அதைத் தாங்கினேன். ஆனாலும் இது வரட்டும். கூட்டம் வந்தால் அதில் ஒரு நாலு பேராவது பழைய வீட்டைப் பார்க்கக் கேட்பார்கள்.

ஆத்தங்குடிக் கல்
மூன்று தலைமுறையாகக் கல் போடுகிறவன். ஒரு வேண்டுகோள், கட்டுகிறவர் இதைப் படித்தாலும் படிக்கலாம். வரவேற்பறைக்கு மட்டும் நாலு வரிசை எங்கள் கல்லைப் போட்டு, "செட்டிநாடு பாணி" என்று எழுதி, மற்ற இடம் முழுக்கப் பளபளப்பு டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள்.

எங்கள் கல் சூளையில் வேகிறதில்லை. கண்ணாடி மேல் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டை ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறோம். கண்ணாடியை எடுத்ததும் தெரியும் அந்த மினுமினுப்பு. நடக்க நடக்கத்தான் ஏறும். 80 அறைக்கு வேண்டிய கல்லைக் கையால் போட மாதங்கள் ஆகும், அதனால் இப்போதே சொல்ல வேண்டும். கூரை போட்ட பிறகு வந்து பத்து நாளில் கேட்டால் எந்தப் பட்டறையாலும் முடியாது. நான்கு வருடம் முன்பு வெளியூரில் ஒரு விடுதிக்கு அப்படி அவசரமாக ராத்திரியும் வேலை செய்து அனுப்பினோம். பாதிப் பணம் இன்னும் வரவில்லை. அவசர வேலைக்கு முன்பணம் இல்லாமல் இப்போது நாங்கள் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதில்லை.

ராட்டினப் பிரியன்
இன்னொரு விஷயம் மனதில் கிடக்கிறது. கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து 1955 ஜூலையில் திறந்தபோது விடுதி கட்ட அவர்களிடம் பணம் மிஞ்சவில்லை. பக்கத்தில் விடுதி கட்டியது வேறொருவர். சாலை முழுக்கச் சின்னச் சின்ன விடுதிகளும் கடைகளும் வந்து பூங்காவை நெருக்கிவிட்டன. அதனால்தான் 1960களில் புளோரிடாவில் பெயரைச் சொல்லாமல் 27,000 ஏக்கர் வாங்கினார்கள். பக்கத்து நிலத்தில் என்ன வர வேண்டும் என்று தாங்களே முடிவு செய்ய.

நம் சாலையில் முதல் கட்டடம் இதுதான். இதற்குப் பின்னால் பத்து வரும். ஒவ்வொன்றும் ஒரு வரத்துக்காலை மூடினால்? வரத்துக்கால் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு விடுதி மேல் இருந்த ஆசை கொஞ்சம் நிதானமாகிவிட்டது. 2014ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கள் ஆசிரியர் வகுப்பில் சொல்வார், ஊருணியும் மழைநீர் வழியும் சேர்ந்துதான் அந்த ஊர்கள் என்று.

வரத்துக்கால்
நடந்ததைச் சொல்கிறேன். இணையத்தில் புல எண்ணைப் போட்டு எஃப்எம்பி எனும் நில அளவை வரைபடத்தை எடுத்தோம். கால் அதில் தெளிவாக இருக்கிறது, வாய்க்கால் புறம்போக்கு. ஒன்பது பேராகப் போய்க் கிராம நிர்வாக அலுவலரிடம் நகலைக் கொடுத்தோம். அவர் சர்வேயரோடு வந்து கல் ஊன்றிக் காட்டினார். வேலி எட்டு அடி உள்ளே வந்திருக்கிறது.

அங்கிருந்த பொறியாளர் சின்ன வயதுப் பையன். சண்டை போடவில்லை. தனக்கு வரைபடத்தில் கால் காட்டப்படவில்லை என்றார். மேலிடத்தில் பேசிவிட்டு மறுநாள் போன் செய்தார். வேலியைப் பின்னால் நகர்த்துகிறார்கள். கார் போகும் வழிக்குக் காலின் மேல் இரண்டு அடிக் குழாய் பதிப்பதாகச் சொல்கிறார்கள். அது போதுமா? கம்பிக்கட்டு அண்ணே, நீங்கள் சொன்னால் எழுதிக் கொடுக்கிறோம். அப்புறம், அது கல்யாண மண்டபமும் 76 அறையும்தான். அவரே சொன்னார்.

கம்பிக்கட்டு
நாலு அறை தப்பினேன், படிக்கட்டையும் லிஃப்டையும் கழிக்க மறந்திருக்கிறேன்.

குழாய் வேண்டாம் அண்ணே. இரண்டு அடிக் குழாய் முதல் மழையிலேயே சருகும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொள்ளும், உள்ளே போய் அள்ளவும் முடியாது. பெட்டி வடிவச் சிறுபாலம் கேளுங்கள். அகலம் காலின் இப்போதைய அகலத்துக்குக் குறையக் கூடாது, உயரம் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு. அடிமட்டம் காலின் அடிமட்டத்தோடு சேர வேண்டும், ஒரு சாண் ஏறினாலும் மேலே தண்ணீர் தேங்கும். ஞாயிற்றுக்கிழமை நானே லெவல் கருவியோடு வருகிறேன். கொட்டிய மண்ணையும் அன்றே அள்ளிவிடலாம். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். காலை ஏழு மணி, பூங்கா வாசல்.

ஆத்தங்குடிக் கல்
பட்டறையிலிருந்து நாலு பேர் வருகிறோம். அந்தப் பொறியாளரிடம் காட்ட மாதிரிக் கல்லும் எடுத்து வருகிறேன்.

வளவு ஆச்சி
எத்தனை பேர் என்று சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுதுங்கள். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் செய்து அனுப்புகிறேன். மாவு அரைக்கக் கணக்கு வேண்டும்.

மானகிரியான்
நானும் என் தம்பியும். இரண்டு.